உங்களுக்குத் தெரியுமா? அடிமையாக விற்கப்பட்டவர், புனிதரானார்!

● கொச்சியில் உள்ள ஃபோர்ட் கொச்சிக்கு, கனோசா என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் அருள்சகோதரிகள் 1889-இல் வந்தார்கள். அவர்கள் தொடங்கிய புனித மரியாள் பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது.

● அதே 1889, நவம்பர் 29. சூடானிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் இளம்பெண் யாருக்கும் அடிமையல்ல என்று இத்தாலியின் வெனிஸ் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே அவருக்கு அடைக்கலம் தந்ததும் கனோசா சகோதரிகள்தான். அவர் பெயர் ஜோசப்பின் பகிதா.

● சிறுவயதில் கடத்தப்பட்டு, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டவர் அவர். ஒரு வீட்டில் அவர் உடம்பில் மாவால் கோடு போட்டு, அதன்மேல் கத்தியால் கீறி, காயத்தில் உப்பைத் தேய்த்தார்கள்.

● பிறகு அவரே கனோசா சகோதரியானார். இத்தாலியின் ஸ்கியோ ஊர் மடத்தில் சமையல் செய்தார், வாசலில் வருவோரை வரவேற்றார். 1947 பிப்ரவரி 8-இல் மறைந்தார். 2000-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

● அவரது திருநாளான பிப்ரவரி 8, மனித வணிகத்துக்கு எதிரான உலகச் செப நாளாக 2015 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.

● மனித வணிகத்தை எதிர்க்கும் கன்னியரின் உலக வலையமைப்பான ‘தலித்தா கும்’ 2009-இல் உருவானது. இந்தியாவில் ‘அம்ராத்’ அமைப்பின் வழியே பல சபைச் சகோதரிகள் கைகோத்திருக்கிறார்கள்.

● 2023 அக்டோபர் 31-இல் லண்டனில், இப்பணிக்கென்றே அருள்சகோதரிகளுக்கு முதன்முதலாக விருது வழங்கப்பட்டது. பெற்றவர்களில் ஒருவர், மேற்கு வங்கத்தில் பணியாற்றும் செலி தாமஸ்.

● குழந்தை கடத்தப்படுவதாகச் சந்தேகமா? உடனே 1098-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை.