சிவப்பு ரயிலின் ஆரோகணம்

டோக்கியோவின் ஷினகாவா நிலையத்தில் கெய்க்யூ நிறுவனத்தின் சிவப்பு ரயில்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிக்கொண்டே புறப்பட்டன. கதவு மூடி வண்டி நகர ஆரம்பித்ததும் அடிப்பகுதியிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக ஒலி மேலேறும். சில நொடிகளில் அது வழக்கமான மோட்டார் இரைச்சலாக மாறிவிடும். ஒலிபெருக்கி எதுவும் கிடையாது, பாடியது மோட்டாரேதான். ரயில் ரசிகர்கள் இதற்கு 'டோ ரே மி ஃபா இன்வெர்ட்டர்' என்று பெயர் வைத்தார்கள். குருரி என்ற ராக் இசைக்குழு 2005-ல் இந்தச் சிவப்பு ரயிலைப் பற்றி ஒரு பாட்டே வெளியிட்டது.

கெய்க்யூ ஒரு தனியார் ரயில் நிறுவனம். ஷினகாவாவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜே.ஆர். நிறுவனத்தின் தடமும் பக்கத்திலேயே ஓடுகிறது, போட்டி கடுமை. அதனால் கெய்க்யூ வேகத்தை நம்பியது. 1,435 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் மணிக்கு 120 கி.மீ. வரை ஓட்டுகிறது. நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் தடத்தில் உச்ச வேகத்தைவிட, நின்ற நிலையிலிருந்து சட்டென்று வேகமெடுப்பதுதான் முக்கியம். அப்படி வேகமெடுக்க வேண்டிய ரயில்களில், 1998-ல் வந்த 2100 வரிசைக்கும், 2002-ல் வந்த புதிய 1000 வரிசையின் முதல் வண்டிகளுக்கும் ஜெர்மனியின் சீமென்ஸ் கருவிகளை வாங்கினார்கள். உள்நாட்டிலேயே எல்லாம் கிடைக்கும் ஜப்பானில் இது அபூர்வமான முடிவு.

சங்கீதம் எங்கிருந்து வந்தது? மேலே ஓடும் கம்பியில் இருப்பது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். மோட்டாருக்குத் தேவை மூன்று கட்ட மாறுமின்சாரம். அதன் அதிர்வெண் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். பேட்டரி மின்சாரத்தை மின்விசிறிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வீட்டு இன்வெர்ட்டர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். நேர்மின்சாரத்தைப் படுவேகமாக வெட்டி வெட்டித்தான் மாறுமின்சாரம் செய்கிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டாரின் காந்தவிசை துள்ளுகிறது, இரும்பு அதிர்கிறது. இப்படி வெட்டும் மின்சுவிட்சுகளான அன்றைய ஜி.டி.ஓ. தைரிஸ்டர்கள் நொடிக்குச் சில நூறு முறைதான் வெட்டும். அதற்கு மேல் போனால் சூடேறிவிடும். நம் காது மிக நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் அந்த எண்ணிக்கை வந்து விழுந்தது.

வண்டி மெதுவாகப் போகும்போது வெட்டும் வேகத்துக்கும் மோட்டாரின் சுழற்சிக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. பொறியாளர் விரும்பிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். எப்படியும் சத்தம் வரத்தான் போகிறது, அது இசையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த எண்களை ஸ்வரங்களின் அதிர்வெண்களுக்குப் பொருத்திவிட்டார்கள். வேகம் கூடினால் இந்தச் சுதந்திரம் போய்விடும். மோட்டாரின் அதிர்வெண்ணுக்கு முழு மடங்காகவே வெட்டியாக வேண்டும். ஆரோகணம் முதல் சில நொடிகளோடு நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

கெய்க்யூவிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. ரயிலின் முதல் பெட்டியில் மோட்டார் இருந்தே ஆக வேண்டும். மோட்டார் பெட்டி கனமானது, தடம் புரளும் ஆபத்து குறைவு என்பது அவர்கள் கணக்கு. வேறு நிறுவனங்களின் ரயில்கள் இந்தத் தடத்துக்குள் வந்தாலும் இதே விதிதான். பாட்டைவிட இந்த விதிதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் இதைப் பற்றி யாரும் பாட்டு எழுதவில்லை.

ஜி.டி.ஓ.வுக்குப் பிறகு ஐ.ஜி.பி.டி. வகை சில்லுகள் வந்தன. இவை குறைந்த வெப்பத்தில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும். ஒலி உயர்ந்து மெலிந்தது. படிப்படியாக ஏறும் ஸ்வரங்களும் போயின. கெய்க்யூ தன் பழைய ரயில்களுக்கு ஒவ்வொன்றாகப் புதிய கருவிகளைப் பொருத்தியது. கடைசி ரயிலின் பாட்டும் 2021 ஜூலையில் நின்றது. அதற்கென்றே தனி ஓட்டம் நடத்தி ரசிகர்களை ஏற்றிச் சென்றார்கள்.

இப்போது சிலிக்கன் கார்பைடு சில்லுகளின் முறை. டோக்கியோவின் இன்னொரு தனியார் நிறுவனமான ஒடாக்யூ, தன் பழைய 1000 வரிசை ரயிலில் மிட்சுபிஷியின் சிலிக்கன் கார்பைடு இன்வெர்ட்டரைப் பொருத்தி 2015-ல் ஓட்டிப் பார்த்தது. பழைய ஜி.டி.ஓ. கருவியோடு ஒப்பிட்டால் மின்செலவு சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டும்போது வீணாகும் வெப்பம் குறைந்தது ஒரு காரணம். அதைவிட, பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகித் திருப்பித் தரும் மின்சாரத்தை அதிக வேகத்திலும் வாங்கிக்கொள்ள முடிந்தது. ஸ்வரம் வேண்டுமென்பவர்கள் ஆஸ்திரியாவுக்குப் போகலாம். அங்கே சீமென்ஸ் செய்த டாரஸ் எஞ்சின்கள் புறப்படும்போது இதே போல ஏறும் ஸ்வரங்களைப் பாடுகின்றன.