புவிவெப்ப வாயுக்களும் சுதேசப் புற்களும்

காபனீரொட்சைட்டு தாவரத்தின் உணவு. ஆதலால் வளிமண்டலத்தில் அது மிகுவது பயிருக்கு நன்மையே என்னும் வாதம், எரிபொருள் முதலாளித்துவத்தின் நலன் பேணுவோரால் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. அதனைப் பரிசீலிப்பதற்கு இயற்கையே சில களங்களை அமைத்துத் தந்துள்ளது. நிலத்தடி வெப்பம் செயற்படும் இடங்களிலே, பாறை வெடிப்புக்களினூடாக இவ்வாயு இடையறாது கசிகின்றது. சிற்சில இடங்களில் ஐதரசன் சல்பைட்டும் உடன் வெளிப்படுகின்றது. அங்கு தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் சுதேசப் புற்கள் எமக்கு உணர்த்துவது யாது?

காபனீரொட்சைட்டு மிகும்போது ஒளித்தொகுப்பு முதலில் விரைவடைகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஐசுலாந்தின் வாயு ஊற்றுக்களை அண்டி வளரும் நார்டஸ் ஸ்ட்ரிக்டா என்னும் புல்லைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வு, நெடுங்கால விளைவு வேறானது எனக் காட்டிற்று. அப்புல்லில், காபனை நிலைநிறுத்தும் ரூபிஸ்கோ நொதியம் குறைந்திருந்தது. ஒளித்தொகுப்பு ஆற்றல் தாழ்ந்திருந்தது. இலைகள் காலத்துக்கு முன்னரே முதிர்ந்தன.

சுலோவேனியாவின் ஸ்டாவெஷின்சியில் வாயு வெப்பமின்றியே கசிகின்றது. அது மண்ணின் இடைவெளிகளை நிரப்பி ஒட்சிசனை அகற்றுவதனால் வேரின் சுவாசம் தடைப்படுகின்றது. அங்குள்ள திமோத்திப் புல், மண்ணில் வாயுச் செறிவு கூடக்கூட நலிவடைகின்றது. இலைக்கு உணவாவதே வேருக்கு நஞ்சாகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்கு இஃதோர் எளிய சான்று.

இந்நிலங்கள் சிலவற்றில் வாயுவுடன் கொதிவெப்பமும் சேர்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்டோனிலே, டைக்காந்தீலியம் லனுஜினோசம் என்னும் புல் அத்தகைய வெந்நிலத்தில் வாழ்கின்றது. அதனுள்ளே வாழும் பங்கசு ஒன்றின் துணையுடன் அது 65 பாகை செல்சியசு வரை தாங்குகின்றது என்றும், தனித்து வாழ நேரின் இரண்டுமே 40 பாகைக்கு மேல் நிலைக்கமாட்டா என்றும் 2002இல் அறிவிக்கப்பட்டது. அப்பங்கசினுள் உறையும் வைரசு ஒன்றும் இத்தாங்குதிறனுக்கு இன்றியமையாதது என்பது 2007இல் தெளிவாயிற்று. ஆகவே, தகவமைவு என்பது தனியுயிரொன்றின் வெற்றியன்று. நீண்ட வரலாற்றினூடு உருவான கூட்டுறவின் பேறு.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காயிருந்த வளிமண்டலக் காபனீரொட்சைட்டு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இலாப நோக்குடைய உற்பத்தி, இரு நூற்றாண்டுகளுள் இம்மாற்றத்தினை ஏற்படுத்தியுள்ளது. ஊற்றருகே வாழும் புற்களுக்கு வாய்த்த நெடுங்காலம் உலகின் ஏனைய புல்வெளிகளுக்கு வாய்க்கவில்லை. எனவே, வாயு மிகுதியை வளமென வருணிப்பது விஞ்ஞானமன்று. விஞ்ஞானத்தின் பெயரால் நிகழும் வர்க்க நலப் பிரசாரமே.