12 செகண்ட் ஓட எத்தனை வருஷம்?

போன வாரம் எங்க ராயபுரம் தெருவுல, 100 மீட்டர் ஓடுற ஒரு தங்கச்சிக்கு ஸ்பைக்ஸ் வாங்க வாட்ஸ்அப் குரூப்ல காசு சேர்த்தோம். அப்பதான் மேரி டிசோசா ஞாபகம் வந்தாங்க.

நவீன ஒலிம்பிக்ஸ் 1896-ல தொடங்குச்சு. பெண்களுக்கு 100 மீட்டர் வந்தது 1928-ல, ஆம்ஸ்டர்டாம்ல. 16 வயசு அமெரிக்கப் பொண்ணு பெட்டி ராபின்சன் 12.2 செகண்ட்ல தங்கம் ஜெயிச்சாங்க. அந்த 12 செகண்டுக்கு 32 வருஷக் காத்திருப்பு!

இந்தியப் பெண்களுக்கு இன்னும் 24 வருஷம். 1952 ஹெல்சிங்கியில மேரி டிசோசாவும் நீலிமா கோஷும் ஓடினாங்க. முந்தின வருஷம் டெல்லி ஆசிய விளையாட்டுல மேரி 200 மீட்டர்ல வெண்கலம் வாங்கியிருந்தாங்க. இருந்தும் ஹெல்சிங்கி போகப் பணமில்ல. நண்பர்கள் நிதி திரட்டினாங்க. அங்க ரெண்டு பேருமே முதல் சுற்றைத் தாண்டல.

கதை அதோட முடியல. 1954 மணிலா ஆசிய விளையாட்டு, 4x100 மீட்டர் ரிலே. ஸ்டெஃபி டிசோசா, வயலட் பீட்டர்ஸ், கிறிஸ்டின் பிரவுன், கூடவே மேரி. இந்தியாவுக்குத் தங்கம்!

அதனால எங்க தங்கச்சி முதல் மீட்ல தோத்தாலும், அந்த வாட்ஸ்அப் குரூப்பை நாங்க கலைக்கிறதா இல்ல.