பாட்டைக் கட்டியவர் யார்?

திருச்செங்கோட்டில் நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில், பையன் ஒருவன் மணப்பாறை மாட்டையும் மாயவரத்து ஏரையும் பற்றிய பாட்டைப் பாடினான். சபையில் முக்கால்வாசிப் பேர் கூடவே முணுமுணுத்தார்கள். மறுநாள் வகுப்பில், "அந்தப் பாட்டு யாருடையது?" என்று கேட்டேன்.

"சிவாஜி!" என்றான் ஒருவன். "இல்லை ஐயா, டி. எம். சௌந்தரராஜன்" என்று திருத்தினான் இன்னொருவன். சற்று விஷயம் தெரிந்த மூன்றாமவன், "கே. வி. மகாதேவன்" என்றான். நடித்தவர், பாடியவர், மெட்டமைத்தவர் மூவரும் வந்து சேர்ந்தார்கள். பாட்டைக் கட்டியவர் மாத்திரம் வரவில்லை!

அவர் பெயர் அ. மருதகாசி. திருச்சி ஜில்லா மேலக்குடிகாட்டில் 1920-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி பிறந்தவர். கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பு. பிறகு நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டு எழுதும் வேலை. அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதை ஸ்தாபித்த டி. ஆர். சுந்தரம் எங்கள் திருச்செங்கோட்டுக்காரர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நேயர்கள் மன்னிக்க வேண்டும். 1949-ல் வெளியான 'மாயாவதி'தான் மருதகாசியின் முதல் படம். அடுத்த வருஷம் வந்த 'மந்திரி குமாரி'யில் அவரும் கா. மு. ஷெரீபும் பாட்டு எழுதினார்கள். 1956-ல் தமிழின் முதல் வர்ணப் படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தபோது, அதன் பாட்டுக்களும் மருதகாசியுடையவையே.

அக்காலத்துச் சினிமாக் கவிஞனின் கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. மெட்டு முன்னால் வந்து நிற்கும். பல சமயம் ஹிந்திப் படத்து மெட்டாகவே இருக்கும். அதன் நெடில் குறிலுக்குத் தமிழ் வார்த்தை அகப்பட வேண்டும். அர்த்தமும் கெடக்கூடாது, கதாநாயகியின் மனோபாவமும் கெடக்கூடாது! அந்தக் கட்டுக்குள்ளே மருதகாசியின் தமிழ் மூச்சுத் திணறாமல் நடந்தது.

'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்துப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு வருஷத்து வெள்ளாமைக் கணக்கு. உழவு, தழையுரம், விதைப்பு, நடவு, அறுவடை, சந்தை என்று வேலைகள் வரிசை தப்பாமல் வருகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஊர் சாட்சி. விதைநெல்லோ சேலம் ஜில்லா ஆத்தூர்ச் சம்பா. அறுக்க மதுரை ஆட்கள். விற்கப் பொள்ளாச்சிச் சந்தை. வாங்க விருதுநகர் வியாபாரி. கடைசியில் பணம் எங்கே போகிறது? அம்மாவின் கைக்கு! புத்தகத்தைப் பார்த்துப் பயிர் செய்கிறவன் எழுதக்கூடிய பாட்டல்ல இது. பூகோள பாடத்தில் நான் ஒரு மாதம் கத்தியும் பையன்கள் தலையில் ஏறாத ஊர்ப் பெயர்களை, அவர் மூன்றரை நிமிஷத்தில் ஏற்றிவிட்டார்.

அதே வருஷத்து 'நீலமலைத் திருட'னில் குதிரைமேல் வரும் ரஞ்சனுக்கு, சத்தியத்தையும் தைரியத்தையும் பற்றி அவர் எழுதிய பாட்டும் பிரசித்தம்.

புகழ் உச்சியில் இருந்த சமயத்திலேதான் சோதனை வந்தது. சிலருடன் கூடி அவர் தயாரித்த 'அல்லி பெற்ற பிள்ளை' 1959-ல் வெளியாகி நஷ்டத்தில் முடிந்தது. கவிஞர் பட்டணத்தை விட்டு ஊருக்குத் திரும்பி விவசாயத்தில் இறங்கினார். பாட்டில் உழுதவர் மெய்யாகவே உழவரானார். மறுபடி அழைப்பு வந்தது. 1967-ல் தேவர் பிலிம்ஸார் எடுத்த 'விவசாயி'யில், உழவனைக் கடவுளிடம் வேலை செய்யும் தொழிலாளியாக்கி எம். ஜி. ஆருக்கு அவர் எழுதிய பாட்டு, கிராமத்து ஒலிபெருக்கிகளில் எத்தனை வருஷம் முழங்கிற்று! அதைக் கேட்கும்போதெல்லாம், வரப்பிலே நின்றவர் குரல் என்றே எனக்குப் படும்.

அவர் 1989-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி காலமானார். 2007-ல் தமிழக அரசு அவருடைய எழுத்துக்களை நாட்டுடைமையாக்கியது. யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம். ஆனால் பாட்டின் கீழே பெயர் போடுகிறார்களா?

எங்கள் விழாவின் நிகழ்ச்சி நிரலை அன்று மாலை எடுத்துப் பார்த்தேன். "சினிமாப் பாட்டு — ஏழாம் வகுப்பு மாணவன்" என்று கண்டிருந்தது. நிரலைத் தயாரித்தவன் நான்தான்.