மலராத கிழங்குகள்

நெதர்லாந்தின் லிஸ்ஸே நகரிலுள்ள கியூக்கன்ஹோப் மலர்த்தோட்டம், மார்ச் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை ஏறத்தாழ எட்டு வாரங்களே பார்வையாளருக்குத் திறந்திருக்கின்றது. ஐரோப்பாவில் வாழும் நம் உறவினர் பலர் பிள்ளைகளோடு ஒருநாட் பயணமாக அங்கு சென்று, வண்ண வண்ண டியூலிப் மலர்களின் நடுவே எடுத்த படங்களை நமக்கு அனுப்புவதுண்டு.

படத்தில் தெரியாத உண்மை ஒன்றுண்டு. 32 ஹெக்டேயர் பரப்புள்ள அத்தோட்டத்தில், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சுமார் 70 இலட்சம் கிழங்குகள் கையாலேயே நடப்படுகின்றன. மத்திய ஆசியாவின் குளிர்மலைகளைத் தாயகமாகக் கொண்ட டியூலிப், மண்ணுக்குள் பல வாரங்கள் குளிரில் கிடந்தாலன்றிச் செம்மையாகப் பூப்பதில்லை.

'துன்பக் குளிர் இருந்தால்தான் வாழ்வு மலரும்' என்று இதிலிருந்து எளிதாக மறையுரை ஆற்றிவிடலாம். ஆனால், பிள்ளையை இழந்த தாயின் முன்னே நின்று அப்படிச் சொல்ல நமக்கு நா எழுமா? அந்த மண்ணின் வரலாறே நம்மைத் தடுக்கின்றது.

1944-45 குளிர்காலத்தில், ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வருவது தடைப்பட்டது. 'பசிக் குளிர்காலம்' எனப்படும் அந்நாட்களில் 20,000 பேர் வரையில் மாண்டனர். மலர வேண்டிய டியூலிப் கிழங்குகளை மக்கள் உணவாக்கினர். நச்சுத்தன்மையுள்ள நடுக்குருத்தை நீக்கி, அவித்து உண்டனர். கியூக்கன்ஹோப் என்னும் பெயருக்குச் 'சமையலறைத் தோட்டம்' என்பது பொருள். பூந்தோட்டங்களின் நாடே அன்று சமையலறைத் தோட்டமாயிற்று.

கிழங்கை மலரச் செய்யும் குளிர், மனிதரைக் கொன்றது. ஆகவே துன்பம் தன்னிலே நன்மையானதன்று. இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் துன்பத்தைப் புகழவில்லை, கண்ணீர் விட்டார். கோதுமை மணியைப் பற்றி அவர் கூறியதும் (யோவான் 12:24) குளிரின் பெருமையை அன்று. தன்னையே கையளிக்கும் அன்பின் பயனையே.

அந்நாட்டின் கார்மேல் சபைக் குரு தீத்துஸ் பிராண்ட்ஸ்மா அவ்வாறு தம்மைக் கையளித்தவர். கத்தோலிக்கப் பத்திரிகைகள் நாசிப் பிரசாரத்தை வெளியிடலாகாது என உறுதியாக நின்றமைக்காகக் கைதாகி, 1942 ஜூலை 26 அன்று டாக்காவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். 1985இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது வத்திக்கானை நெதர்லாந்து மலர்கள் அலங்கரித்தன. அதைத் தொடர்ந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் புனித பேதுரு சதுக்கத்தை அந்நாட்டு மலர்கள் அலங்கரிப்பது வழக்கமாயிற்று. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பான குடும்பத்தினரே, நம் வீடுகளிலும் மலராத கிழங்குகள் உண்டு. தம்பி தங்கையருக்காகப் படிப்பைக் கைவிட்ட அக்கா. படுக்கையிலிருக்கும் கணவரைப் பல்லாண்டுகளாகப் பராமரிக்கும் மனைவி. பிள்ளைகளைக் கரைசேர்க்கவென்று தம் ஆசைகளை மண்ணுக்குள் புதைத்த தந்தை. அவர்களுடைய வாழ்வு வீணாயிற்று என ஊர் சொல்லலாம். உண்மையில் அவர்கள் பூக்காமற் போனவர்கள் அல்லர், நமக்கு உணவானவர்கள். நற்கருணையில் தம்மையே உணவாக்கிய ஆண்டவருக்கு அவர்களை நன்கு தெரியும்.

இன்று இரவுச் செபத்தின்போது, அத்தகைய ஒருவரின் பெயரைச் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறுவோம். அவர் நம் அருகிலேயே இருந்தால், அந்த நன்றியை அவரிடமும் சொல்வோம்.