பழைய ரைபிள் கற்பிக்கும் பாடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? அடிவாரத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். வண்டி வளைவுகளில் ஏறுமுன் இந்த அடிவாரத்திலேயே சற்று இறங்கிக்கொள்வோம். எதிரே சேர்வராயன் மலையின் சரிவு. இங்கே மனத்தளவில் ஒரு சுடுகளம் அமைப்போம். சுடுகளங்களைப் பெரும்பாலும் குன்றையோ உயர்ந்த மண்மேட்டையோ எதிரே வைத்துத்தான் அமைப்பார்கள். இலக்கைத் தவறிய குண்டை அந்தச் சரிவு வாங்கிக்கொள்ளும்.

300 மீட்டர் தொலைவில் ஓர் இலக்குப் பலகையை நடுவோம். நம் கையில் இருப்பது புத்தம் புதிய துப்பாக்கி அன்று; 'திரீ நாட் திரீ' என்று நம் காவலர்களும் என்.சி.சி. மாணவர்களும் அழைத்து வந்த பழைய ரைபிள். இன்றைய போர்த் துப்பாக்கிகள் நிமிடத்திற்கு 600 குண்டுகளுக்கு மேல் உமிழும் வேகம் கொண்டவை. அப்படியிருக்க, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில், இராணுவம் வேண்டாமென்று விற்றுவிட்ட பழைய ரைபிள்களைத் தேடி வாங்கி, விடுமுறை நாள்களில் இலக்கைச் சுட்டு மகிழ்வோர் ஏராளம். அதில் அப்படி என்ன கவர்ச்சி?

எங்கே பிறந்தது?

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியையும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட்டையும் வடிவமைத்தார். இலண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டு ஆயுதச் சாலை குழலை வடிவமைத்தது. இரண்டும் இணைந்து 1895-இல் 'லீ-என்ஃபீல்டு' ஆயிற்று. நம் சாலைகளில் ஓடும் 'புல்லட்' மோட்டார் சைக்கிளின் என்ஃபீல்டு என்ற பெயரும் இந்த ஊரிலிருந்து வந்ததே. அதன் தாய் நிறுவனம் அந்த ஆயுதச் சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது.

இந்தியாவில் இந்த ரைபிளைச் செய்தது வங்காளத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலை. தோட்டாவில் எரிபொருளாகிய கார்டைட்டை நம் நீலகிரி மலையின் அரவங்காட்டுத் தொழிற்சாலை தயாரித்தது. நைட்ரோகிளிசரின், நைட்ரோ செல்லுலோஸ் இவற்றுடன் சிறிது பெட்ரோலிய ஜெல்லியும் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் இழைகளாகப் பிழிந்தெடுத்ததே கார்டைட்.

1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு நம் இராணுவம் புதிய ரைபிள்களுக்கு மாறியது. காவல் துறையில் மட்டும் பழையது நெடுங்காலம் நிலைத்தது. உத்தரப்பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாளன்றுதான் அதற்கு விடை கொடுத்தது.

குண்டு ஏன் சுழல்கிறது?

குழலின் உட்புறத்தை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஐந்து வரிப்பள்ளங்கள் திருகாணியின் மரைபோல் வளைந்து செல்வது தெரியும். ஒவ்வொரு 10 அங்குலத்திற்கும், அதாவது 25.4 செண்டிமீட்டருக்கும், அவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகின்றன. குண்டு குழலை விட்டு விநாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 744-ஐ 0.254-ஆல் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள்!

சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டும் தன் முனையை முன்னோக்கி வைத்துக்கொண்டே செல்கிறது. சுழற்சி இல்லாவிட்டால் அந்த நீண்ட குண்டு காற்றில் குட்டிக்கரணம் அடித்து எங்கோ போய் விழும்.

சுழற்சியால் புவியீர்ப்பை வெல்ல முடியாது. 300 மீட்டரைக் கடக்க அரை விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அதற்குள் குண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிடும். ஆகவேதான் தொலைவுக்கு ஏற்பப் பின்குறியை உயர்த்தி வைக்கிறார்கள். அப்போது குழல் சற்று மேல்நோக்கி நிற்கும்.

தோளில் விழும் இடி

விசையை இழுத்ததும் தோளில் ஓர் இடி விழுகிறதே, அது எவ்வளவு? நியூட்டனின் மூன்றாம் விதி இதைச் சொல்லிவிடும். குண்டின் நிறை 11.3 கிராம். அதை 744-ஆல் பெருக்கி, ரைபிளின் நிறையாகிய 4 கிலோகிராமால் வகுத்தால், ரைபிள் விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் பின்வாங்கும் என்று தெரிகிறது. குண்டைத் தொடர்ந்து சீறி வரும் வாயுவையும் கணக்கில் சேர்த்தால், வேகம் 3 மீட்டரை நெருங்கும்.

பின்கட்டையைத் தோளோடு இறுக்கி அணைத்தால் உடலும் ரைபிளும் ஒன்றாகி, இடி மெதுவான தள்ளலாக மாறும். தளர்வாகப் பிடித்தவருக்கு மறுநாள் தோள் கன்றிப்போகும்.

இரண்டு ஓசைகள்

இலக்கின் அருகே ஆழ்ந்த பதுங்குகுழியில் அமர்ந்து மதிப்பெண் குறிப்பவருக்கு ஒரு வேட்டுக்கு இரண்டு ஓசைகள் கேட்கும். முதலில் சாட்டையைச் சொடுக்கியதுபோல் 'பட்' என்னும் ஓசை. பிறகு 'டும்' என்னும் கனத்த ஓசை. முதலாவது, ஒலியை விஞ்சிய வேகத்தில் வரும் குண்டு காற்றில் எழுப்பும் அதிர்ச்சி அலை. இரண்டாவது, துப்பாக்கியின் வாயிலிருந்து வரும் வெடியோசை. ஒலி 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும். குண்டுக்கோ அதில் பாதி நேரமே போதும். இதற்குப் பிறகு மலைச்சரிவின் எதிரொலி வந்து சேரும்.

வெந்நீர் வைத்தியம்

சுட்டு முடித்தபின் பழைய சிப்பாய்கள் ரைபிளின் குழலில் கொதிநீர் ஊற்றுவார்கள். இரும்புக்கு நீர் பகை அல்லவா? காரணம் இதுதான். பழைய தோட்டாக்களின் அடியிலுள்ள தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலில் படியும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே இந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். மூடுபனி சூழும் ஏற்காட்டில் ஓர் இரவு போதும். எண்ணெயில் உப்பு கரையாது, நீரில் கரையும். கொதிநீரானால் குழலையும் சூடேற்றுவதால் எஞ்சிய ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெய் தடவுவது அதற்குப் பிறகுதான்.

கவர்ச்சி எதில்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தானியங்கித் துப்பாக்கி தன் வேலையைத் தானே மறைவாகச் செய்துகொள்கிறது. பழைய ரைபிளிலோ ஒவ்வொரு செயலையும் உங்கள் கைதான் செய்ய வேண்டும். போல்ட்டை உயர்த்திப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக் கூடு தெறிக்கும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் நுழையும்.

குறி பார்ப்பதும் உங்கள் பொறுப்பே. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ அரை மீட்டர். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 300 மீட்டரில் குண்டு 60 செண்டிமீட்டர் விலகிவிடும்! மூச்சு மேலெழுந்தால் குறி அசையும். விசையை வெடுக்கென்று இழுத்தால் குறி அசையும். தவறு யாருடையது என்பதை இலக்குப் பலகை அப்போதே காட்டிவிடும். நன்கு பயின்ற பிரிட்டிஷ் சிப்பாய் 300 கெஜத் தொலைவிலுள்ள இலக்கில் ஒரே நிமிடத்தில் 15 குண்டுகளைச் செலுத்த வேண்டும் என்பது அக்காலப் பயிற்சி விதி. அந்தத் திறமை ரைபிளில் மட்டும் இல்லை; பயின்ற உடலில் இருந்தது. தன் உடலை அடக்கி, ஒரு பொறியோடு இசைந்து செயல்படும் இன்பமே பழைய ரைபிளின் கவர்ச்சி.

மறக்கக் கூடாதது

ஆனால், அன்பர்களே, இது விளையாட்டிற்காகப் பிறந்த பொருள் அன்று. 1919 ஏப்ரல் 13-ஆம் நாள் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில், கலைந்து செல்லவும் வழியற்ற மக்கள்மீது இத்தகைய ரைபிள்கள் 1,650 குண்டுகளைப் பொழிந்தன. இந்த அடிவாரத்திற்கு வெகு தொலைவில் இல்லாத சேலம் மத்திய சிறையில், 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். 1963-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்றது, அஞ்சல் வழியே மலிவு விலைக்கு வாங்கிய ஓர் இத்தாலியப் பழைய போர் ரைபிள். அதன்பின் 1968-இல் அந்நாடு இவ்வகை விற்பனைக்குத் தடை விதித்தது.

நம் நாட்டில் 0.303 அங்குல ரைபிளைப் பொதுமக்கள் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கிறது. அதனால்தான் ஈசாப்பூர் தொழிற்சாலை, அதே போல்ட் அமைப்பை வைத்து, உரிமம் பெற்றவர்களுக்காக 0.315 அங்குல ரைபிளைச் செய்தது.

பயிற்சிக் களத்தில் உள்ள கட்டுப்பாடும் இதனால் எழுந்ததே. ஆணை வரும்வரை விரல் விசையில் படக்கூடாது. துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். தோட்டா வெடிக்காவிட்டாலும் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. பழைய தோட்டா சற்றுத் தாமதித்து வெடிப்பதும் உண்டு. நீங்கள் என்.சி.சி. மாணவராக இருந்து, என்றேனும் ஒரு ரைபிளைக் கையில் வாங்க நேர்ந்தால், நியூட்டனின் விதியோடு இவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அறிந்தவரே அதைத் தொடத் தகுதியானவர்.