சூனிய வழக்கு மறைத்த துறைமுகம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடகிழக்கே கடலோரத்தில் அமைந்திருக்கிறது சேலம் என்னும் சிறுநகரம். அக்டோபர் மாதம் வந்துவிட்டால் அங்கே சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் அலைமோதும். அவர்கள் தேடி வருவது சூனியக்காரிகளை. 1692-இல் அந்த ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். குற்றச்சாட்டுக்குப் பதிலளித்து விசாரணைக்கு உட்பட மறுத்த கைல்ஸ் கோரி என்னும் முதியவர், மார்பின் மீது கற்கள் ஏற்றப்பட்டு நசுங்கி இறந்தார். இன்று அந்நகரக் காவல் துறையின் வாகனங்களில்கூட துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியின் படம்தான் இருக்கிறது.

ஆனால், நகரின் அதிகாரபூர்வ முத்திரை வேறொரு கதையைச் சொல்கிறது. அதில் கையில் குடை பிடித்த கீழைநாட்டு மனிதர் ஒருவர் நிற்கிறார். பின்னணியில் ஒரு கப்பல். வளம் கொழிக்கும் இந்தியத் திசையின் கடைக்கோடித் துறைமுகம் வரை என்னும் பொருள்பட லத்தீன் மொழியில் ஒரு வாசகம். 'இந்தியா' என்பது அக்காலத்தில் கீழ்த்திசை நாடுகள் அனைத்தையும் குறித்த சொல். (நம் சேலத்துக்கும் அந்த ஊருக்கும் உள்ளது ஒலி ஒற்றுமை மட்டுமே. அங்குள்ள பெயர், அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வழிவந்தது.) சில மாதங்கள் நீடித்த ஒரு கொடுமை, கால் நூற்றாண்டுக் கடல் வாணிபத்தை நினைவிலிருந்து அழித்துவிட்டது. பொருளாதார வரலாறு படித்தவனுக்கு அந்த வாணிபமே முதன்மையானது.

1790-இல் எடுக்கப்பட்ட அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலத்தில் வாழ்ந்தவர்கள் 7,921 பேர். அந்தச் சிறிய எண்ணிக்கையே அதை நாட்டின் முதல் பத்து நகரங்களுள் ஒன்றாக்கியது. அதற்கு இயற்கை அளித்த வசதி எதுவும் இல்லை. துறைமுகம் ஆழமற்றது. உள்நாட்டுடன் இணைக்கும் பேராறு கிடையாது. உலர்ந்த காட் மீனை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிப் பிழைத்த ஊர் அது. அந்த மீனில் மட்டமான ரகம் கரும்புத் தோட்ட அடிமைகளின் உணவாயிற்று. விடுதலைப் போரில் வென்றதும் அந்தச் சந்தையும் சுருங்கியது. பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைத்தது. போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்களைக் கைப்பற்றுவதற்காகக் கட்டப்பட்ட விரைவுக் கப்பல்கள் வேலையின்றி நின்றன.

அவற்றைக் கிழக்கே திருப்பியவர்களில் முதன்மையானவர் எலியாஸ் ஹாஸ்கெட் டெர்பி. அமெரிக்காவின் முதல் கோடீஸ்வரர்களுள் ஒருவராகக் கருதப்படும் இவர், கப்பலேறித் தொழில் செய்தவர் அல்லர். கணக்கறையில் அமர்ந்து உலகைக் கணித்தவர். இவருடைய 'கிராண்ட் டர்க்' 1786-இல் சீனத்தின் கான்டன் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சேலம் கப்பல்கள் மொரீஷியஸ், சென்னை, கல்கத்தா எனப் பரவின. சொந்த நாட்டில் விளைந்தவற்றில் இங்கே விலைபோகும் சரக்கு குறைவு என்பதால், ஸ்பானிய வெள்ளி டாலர்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து துணி, சர்க்கரை, அவுரி வாங்கிச் சென்றனர். ஐரோப்பா போரில் மூழ்கியிருந்த காலத்தில் நடுநிலை நாட்டின் கொடிக்கு மதிப்பு அதிகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம் பிரிட்டனின் தனி வணிகர்களுக்கு மறுத்த வழியை, 1794-இல் கையெழுத்தான ஜே உடன்படிக்கை அமெரிக்கர்களுக்குத் திறந்துவிட்டது.

1790 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த ஒருவரைச் சேலத்தில் கண்டதாக அவ்வூர்ப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உயரமானவர், கருநிறத்தவர், நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம் என்கிறது குறிப்பு. வங்கக் கடலில் சரக்கேற்றிய கப்பல்கள் மனிதர்களையும் ஏற்றிச் சென்றன. 1796-இல் ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட் என்னும் சேலம் கேப்டன், வங்கத்தில் 450 டாலருக்கு வாங்கிய யானையொன்றை நியூயார்க்கில் இறக்கி, 10,000 டாலருக்கு விற்றதாகச் சொல்லப்படுகிறது.

லாபத்தின் ஊற்று தகவல். ஜொனாதன் கார்ன்ஸ் என்ற கேப்டன், சுமத்ராவின் மேற்குக் கரையில் மிளகை நேரடியாகக் கொள்முதல் செய்யலாம் என்பதை அறிந்தார். 1795-இல் 'ராஜா' என்ற சிறு கப்பலில் புறப்பட்டு, கொள்ளளவு முழுதும் மிளகுடன் திரும்பினார். லாபம் 700 விழுக்காடு என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. சென்ற இடம் எது என்பதைச் சேலத்தார் இயன்றவரை மறைத்தனர். ஆனால் ரகசியத்துக்கு ஆயுள் குறைவு. மற்றத் துறைமுகங்களும் மோப்பம் பிடித்தன.

என் பார்வையில் இதைவிடப் பெரிய முதலீடு, அறிவைப் பொதுவில் சேமித்ததுதான். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ கடந்த கேப்டன்கள் 1799-இல் கிழக்கிந்தியக் கடலோடிகள் சங்கத்தைத் தொடங்கினர். பயணக் குறிப்பேடுகளையும் அயல்நாட்டுப் பொருள்களையும் திரட்டினர்; இன்றைய பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் வேர் அதுவே. பத்து வயதில் பள்ளியை விட்ட நதானியேல் பவுடிச், கப்பல் சாமான் கடையில் எடுபிடியாக இருந்தபடியே கணிதம் கற்றார். டெர்பியின் கப்பலில் கணக்கராகச் சென்றபோது, அன்றைய ஆங்கில மாலுமிக் கையேட்டின் அட்டவணைகளில் ஆயிரக்கணக்கான பிழைகளைக் கண்டறிந்தார். நிலவின் நிலையைக் கொண்டு தீர்க்கரேகை கணிக்கும் முறையைக் கடைநிலை மாலுமிகளுக்கும் கற்பித்தார். 1802-இல் அவர் வெளியிட்ட கடல்வழிக் கையேட்டை அமெரிக்க அரசு திருத்திய பதிப்புகளாக இன்றும் வெளியிடுகிறது. பிற்காலத்தில் அவர் காப்பீட்டு நிறுவனங்களை நடத்தினார். அலையின் இடரைக் கணித்தவர் வாழ்நாளின் இடரையும் கணித்தார்.

வீழ்ச்சியைக் கொண்டுவந்தது கடலன்று, தலைநகரம். 1807 டிசம்பரில் அதிபர் ஜெஃபர்சன், அமெரிக்கக் கப்பல்கள் அயல்நாடு செல்வதையே தடை செய்தார். பிரிட்டனையும் பிரான்ஸையும் பணியவைக்க எடுத்த ஆயுதம், சொந்தத் துறைமுகங்களைத்தான் முடக்கியது. 1812 போர் அடுத்த அடி. மூன்றாவது அடி 1816-இன் சுங்கச் சட்டம். இது நம் நெசவாளரையும் தொட்டது. பருத்தித் துணிக்கு 25 விழுக்காடு வரி என்பது பார்வைக்கு மிதமானது. ஆனால் எவ்வளவு மலிவான துணியும் கெஜம் 25 சென்ட் விலையுள்ளதாகவே கொள்ளப்படும் என்றொரு விதி சேர்க்கப்பட்டது. ஆறு சென்ட் பெறும் இந்திய முரட்டுத் துணிக்கு ஆறேகால் சென்ட் வரி. அதாவது நூறு விழுக்காட்டுக்கும் மேல். மாசசூசெட்ஸின் புதிய ஆலைகள் காக்கப்பட்டன. இந்தியத் துணியை இறக்கிய வணிகர்கள் கைவிடப்பட்டனர்.

அவர்களில் பலர் ஆலைகளுக்கே பணத்தை மாற்றினர். 1847-இல் சேலத்திலேயே நாம்கீக் நீராவிப் பருத்தி ஆலை இயங்கத் தொடங்கியது. தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு அங்கே துணியானது. சேலம் கப்பல்கள் மாசசூசெட்ஸ் துணியைச் சான்சிபாருக்குக் கொண்டுசென்றன. கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தையில் நெடுங்காலம் கோலோச்சிய இந்தியத் துணிகளில் பலவற்றின் இடத்தை அது பிடித்தது. சுவாஹிலி மொழியில் அத்துணிக்கு 'மெரிக்கானி' என்றே பெயர். நம் துணியை வாங்கிச் செல்வம் சேர்த்த ஊர், முப்பது ஆண்டுகளில் நம் துணிக்குப் போட்டியாளராயிற்று.

சேலத்தின் கம்பீரமான சுங்க மாளிகை கட்டப்பட்டது 1819-இல், பொற்காலம் முடிந்த பின்னர். 1846-இல் அங்கே அதிகாரியாக அமர்ந்தவர் எழுத்தாளர் நதானியேல் ஹாத்தார்ன். சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதி ஜான் ஹாத்தார்ன் அவருடைய மூதாதை. யானையைக் கொண்டுவந்த கப்பலில் பணியாற்றிய மாலுமி அவருடைய தந்தை. மகனுக்கு நான்கு வயதாகும் முன்பே சுரினாமில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானவர். மகன் பொறுப்பேற்றபோது சரிபார்க்கச் சரக்கு அதிகம் வரவில்லை. 1849-இல் ஆட்சி மாறியதும் அவர் பதவி பறிக்கப்பட்டது. மறுஆண்டு வெளியான 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் நீண்ட முன்னுரையில் அந்த உறங்கும் அலுவலகத்தையும் அதன் முதிய ஊழியர்களையும் அவர் வர்ணித்த விதம், ஊராரைக் கடும் கோபத்துக்கு உள்ளாக்கியது.